பாப்பா இழுத்த பாவு

சங்கரன்கோவிலில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நான் ஆயா. இன்று 'இழு', 'தள்ளு' சொல்லிக்கொடுக்க டீச்சர் நாற்காலியில் கயிறு கட்டி, "இழு மக்கா!" என்றதும் என் தங்கச்சி பாப்பா கண்முன்னே வந்துவிட்டாள்.

புத்தி மந்தம் என்று அவளை எந்தப் பள்ளியிலும் சேர்க்கவில்லை. சின்ன வயதில் ஒருநாள் விடியலில், தறியில் ஏற்ற வேண்டிய நீள நூல்களான பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டியிருந்தோம். பாவின் முனையில் கட்டிய கயிற்றை இழுத்துப் பிடிக்கிற ஆள் வரவில்லை. தொய்ந்தால் நூலெல்லாம் மண்ணில் புரண்டு பாழாகிவிடும்.

"பாப்பா பிடிக்கட்டும்யா" என்றேன்.

"ஏட்டி, இவ இழுன்னா தள்ளுவா!" என்றார் எங்களைப் பெற்ற அய்யா.

"கயித்த எப்படிய்யா தள்ளுவா?"

அய்யா சிரித்துவிட்டுக் கயிற்றைக் கொடுத்தார். பாப்பா குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுத்தாள். நூல் காயும்வரை பாவு தொய்யவே இல்லை. "நாளைக்கும் இவதான்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார் அய்யா.

இங்கே வகுப்பில் பிள்ளைகள் இழுக்க, காலி நாற்காலி சரசரவென்று நகர்ந்தது. நான் போய் அதில் உட்கார்ந்தேன்.

"இப்ப இழுங்கலே, பாப்போம்!" என்றேன்.