மைக்கில் சொன்னது

பொம்மனஹள்ளி ஆடைத் தொழிற்சாலையின் கேன்டீனில் நான் மைக்கைப் பிடித்த அந்த மகளிர் தினக் காலையை மறக்க முடியவில்லை. அங்கே வெல்ஃபேர் ஆபீசராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எதிரே நிறையப் பெண்கள். மூன்றாவது வரிசையில் செக்கிங் அக்கா. தைத்து வரும் சட்டைகளில் குறை பார்ப்பது அவர் வேலை. ஒரு தையல் விட்டிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. முந்தைய வாரம் ஒரு படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி என் அறைக்கு வந்தவர், கதவைச் சாத்திவிட்டு, தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றார். லேபிள் எழுத்துகளைக் கோலம்போல மனதில் பதித்துக்கொண்டு எட்டு வருடமாகச் சமாளிக்கிறாராம். நெகிழ்ந்துபோனேன். ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, மேடைக்கான வாக்கியங்களை நான் மனதுக்குள் அடுக்கத் தொடங்கியிருந்தேன்.

மேடையில் பெயர் சொல்லவில்லை. "நம்ம செக்கிங்ல ஒரு அக்கா" என்றுதான் ஆரம்பித்தேன். செக்கிங்கில் இருந்தவர்கள் இரண்டே பெண்கள், மற்றவள் பட்டதாரி. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அக்காவும் தட்டினார், தலையைக் குனிந்துகொண்டு. மறுநாளே கூட வேலை செய்யும் பெண்கள் சிலர் சட்டையைத் தூக்கிக் காட்டி, "இது இன்னா எழுத்து, சொல்லுக்கா பாக்கலாம்" என்று சிரித்தார்கள். லேபிள் படிக்கத் தெரியாதவருக்குச் செக்கிங்கில் என்ன வேலை என்று மேனேஜர் அவரை நூல் வெட்டும் பகுதிக்கு மாற்றினார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மாதம் முடிவதற்குள் அக்கா வேலையை விட்டுவிட்டார்.

ஈஜிபுராவில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பெயர் சொல்லவில்லையே, பெருமையாகத்தானே பேசினேன் என்று நான் சொன்ன சமாதானங்களையெல்லாம் குறுக்கிடாமல், என் முகத்தைப் பார்த்தபடியே கேட்டார். பிறகு, "உங்க காதுல தானே மேடம் சொன்னேன்? மைக்குலயா சொன்னேன்?" என்றார். மன்னித்துவிடுங்கள் என்பதைக்கூட அப்போதுதான் சொன்னேன். படிப்பில்லாததை அத்தனை வருடம் ஏன் மறைத்தார் என்பதை அதன்பின் மெல்லச் சொன்னார். "இதையாச்சும் உங்களோட வச்சுக்குங்க."

இன்றும் பல கூட்டங்களில் பேசுகிறேன். யாராவது மனம் விட்டுப் பேசும்போது எனக்குள் வாக்கியங்கள் அடுக்கப்படுவது முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. இதை எழுதலாமா என்று போன வாரம் அக்காவை போனில் கேட்டேன். "அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே மேடம், எழுதிக்குங்க" என்றார். அனுமதிதான், ஆனாலும் அந்தக் குரல் உறுத்துகிறது. ஈஜிபுராவில் சொன்ன காரணத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதை எழுதப் போவதில்லை.