ஹில்க்காவின் ஐந்து வருட பேட்டரி

கடைக்காரர் இரண்டு கார் பேட்டரிகளை எடுத்து வைத்தார். ஒன்றுக்கு இரண்டு வருட வாரண்டி, மற்றதற்கு ஐந்து. ஹில்க்காவின் கணவர் தௌனோ வசந்தம் வரை தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ ஐந்து வருட பேட்டரியைத்தான் காட்டினாள்.

"முழு சார்ஜ்ல இருந்தா மைனஸ் நாப்பது டிகிரி குளிருக்கும் இது அசையாதும்மா. ராத்திரி கழட்டி வீட்டுக்குள்ள வைக்கவே வேணாம்."

"போன பேட்டரிக்கும் இதேதான் சொன்னே."

பக்கத்து வீட்டுக்காரன் என்று நான்தான் அவளைக் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். தௌனோ படுத்திருந்த மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கூமோ நகரத்தில். கடைசி நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று தௌனோவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பழைய பேட்டரி ஒரு காலையில் குளிரில் செத்துப்போய், அவரைப் பார்க்க முடியாமல் அன்று முழுக்க வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். சூடு கண்ட பூனை. யார் சொன்னாலும் நம்பவில்லை. தினமும் சாயங்காலம் புது பேட்டரியைக் கழற்றி, முனைகளைத் துடைத்து வாஸ்லின் தடவி, மூச்சு வாங்கத் தூக்கி வந்து அடுப்பருகே வைத்தாள்.

"ஏன் ஹில்க்கா, தௌனோ இடத்துல இவனைப் படுக்க வெச்சுட்டியா?"

"இவன் குறட்டை விடமாட்டான். நீ உன் வேலையைப் பாரு, ஏஸ்கோ."

பிப்ரவரியில், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து டிகிரி குளிரில், காலை ஏழு மணிக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பேட்டரியைச் சுமந்துகொண்டு காருக்கு ஓடினாள். கையுறையோடு நட்டு பிடிபடவில்லை. கையுறையைக் கழற்றினால் விரல் இரும்பில் ஒட்டித் தோல் உரிந்தது. ஸ்பேனர் பனியில் விழுந்து புதைந்தது; மண்டியிட்டுத் தேடினாள். இருபத்தைந்து நிமிடம் போயிற்று. சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது.

அவள் போய்ச் சேர்ந்தபோது தௌனோவின் கை இன்னும் சூடாக இருந்ததாம். பத்து நிமிடம் முன்புதான் போயிருந்தார்.

அந்த இருபத்தைந்து நிமிடமும் என் கார் முப்பது அடி தள்ளி, இஞ்சின் உறையாமலிருக்க ராத்திரியே ஹீட்டரைக் கரண்டில் செருகி, உடனே கிளம்பத் தயாராக நின்றது. நான் ஜன்னலோரம் காப்பி குடித்துக்கொண்டு அவள் குனிந்திருப்பதைப் பார்த்தேன். கூப்பிடாமல் போய் நின்றால் அவளுக்குப் பிடிக்காதே என்று இருந்துவிட்டேன். எங்கள் ஊரில் யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. நாசமாய்ப் போக அந்த மரியாதை.

அடக்கம் முடிந்த பிறகு கேட்டேன்.

"ஏன் என் கதவைத் தட்டல?"

"நீ காப்பி குடிக்கற நேரமாச்சே," என்றாள்.