நிலைக்காலடியில் ஒரு துண்டு டைல்ஸ்

எங்கள் வீட்டு ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகிற வாசலில், இடது நிலைக்காலின் அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. பெரிய பள்ளமெல்லாம் இல்லை. ஒரு சாண் அகலம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த நீளம். அந்த இடத்தில் மட்டும் டைல்ஸ் இல்லாமல் சிமெண்டு தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். வீடு முழுக்க முகம் பார்க்கிற மாதிரி தரை போட்டிருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. "இது என்ன, பாதியில வுட்டுட்டீங்க?" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். என் வீட்டுக்காரர் டைல்ஸ் வேலை செய்கிறவர் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்கள்.

அவர் சவுதியில் இருக்கிறார். எங்கள் ஊரான லப்பைக்குடிக்காட்டில் இது ஒரு செய்தியே இல்லை. எங்கள் தெருவில் ஆம்பளை இருக்கிற வீட்டைத்தான் விரல் விட்டுச் சொல்ல வேண்டும். அங்கே பெரிய பெரிய வில்லாக்களுக்கு இவர்தான் தரை போடுகிறார். வேலை முடிந்ததும் வீடியோவில் சுற்றிக் காட்டுவார். "இது பாத்ரூம் புள்ள, பாத்தியா?" என்பார். அந்த பாத்ரூம் எங்கள் ஹாலைவிடப் பெரிதாக இருக்கும். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று சொல்வேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். யார் வீட்டுத் தரைக்கோ இவர் முட்டி தேய்கிறது, இங்கே நான் தனியாக உட்கார்ந்து அதைப் பார்க்கிறேன்.

நாங்கள் வீடு கட்டியபோது சுவர், பூச்சு, பெயிண்ட் எல்லாம் முடிந்தும் டைல்ஸ் மட்டும் போடவில்லை. "என் வூட்டுத் தரையில இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது. நான் வந்து போடுறேன்" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டார். எட்டு மாதம் நானும் மகளும் சிமெண்டுத் தரையில் குடித்தனம் நடத்தினோம். அப்புறம் நாற்பத்தைந்து நாள் லீவில் வந்தார்.

பெட்டியைத் திறந்தபோது மிட்டாய், அத்தர், பாதாம் பருப்பு எல்லாவற்றுக்கும் அடியில் இரும்பில் ஒரு சாமான் இருந்தது. ஒரு பட்டையில் நெருக்கமாக மெல்லிய கம்பிகள், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு. தலை வாருகிற ஏதோ புதுச் சாமான் என்று எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். கடையில் காண்டூர் கேஜ் என்று கேட்க வேண்டுமாம், அவர்கள் ஆட்களுக்குள் அதைச் சீப்பு என்றுதான் சொல்லிக்கொள்வார்களாம். கோணல்மாணலாக இருக்கிற எதன்மேலும் அதை வைத்து அழுத்தினால், மேடு இருக்கிற இடத்தில் கம்பி பின்னால் போகும், பள்ளம் இருக்கிற இடத்தில் அப்படியே நிற்கும். ஓரத்துத் திருகை முறுக்கிவிட்டால் கம்பிகள் அசையாது. அதைத் தாளில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டால் அந்த வளைவு அப்படியே வந்துவிடும். சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் என் முகத்தில் வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, மூக்கு வந்த இடத்துல கம்பி பத்தாமப் போச்சே" என்றார். நான் கையிலிருந்த துவாலையால் நாலு போட்டேன்.

அந்த நாற்பத்தைந்து நாளும் நான்தான் சித்தாள். கலவை குழைத்தேன், டைல்ஸை நனைத்துக் கொடுத்தேன், தண்ணீர் மட்டம் பார்க்கும்போது விளக்கைப் பிடித்தேன். கட்டினவளோடு பேசியதைவிடத் தரையோடு அவர் பேசியதுதான் அதிகம். ஆனாலும் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதுபோல நாட்கள் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காலையில் எழுந்தால் ஆள் கண்ணெதிரே இருக்கிறார். கூப்பிட்டால் "என்ன?" என்று ஒரு குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிறது. டவர் கிடைக்கிறதா, அவருக்கு டியூட்டி முடிந்ததா என்று எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

சமையலறை வாசலுக்கு நாங்கள் வைத்திருந்தது பழைய தேக்கு நிலை. அரியலூரில் இடித்த வீட்டு மரம் விற்கிற இடத்தில் நானே பார்த்துப் பிடித்து வாங்கியது. அதன் இரண்டு கால்களிலும் அடியில் குடம் மாதிரியும் இதழ் மாதிரியும் செதுக்கியிருக்கும். டைல்ஸ்காரர்கள் அதைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். நேராக வெட்டி வைத்துவிட்டு, மரத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் வெள்ளை சிமெண்டை அப்பி மூடிவிடுவார்கள். "அப்படி மூடுறவன்லாம் ஒரு வேலைக்காரனா?" என்று இவர் பொரிந்து தள்ளுவார். சீப்பை வைத்து வலது காலுக்கு அளவு எடுத்து, மெஷினில் வளைத்து வளைத்து வெட்டிப் பொருத்தினார். மரம் தரையிலிருந்து முளைத்து வந்த மாதிரி இருந்தது. நான் நகத்தை நுழைத்துப் பார்த்தேன், போகவில்லை.

இடது காலை நாற்பத்து நான்காம் நாள்தான் கையில் எடுத்தார். கடைசி வெட்டில் டைல்ஸ் பட்டென்று இரண்டாக உடைந்தது. மிச்சம் ஒன்றுகூட இல்லை. அந்த வெயிலில் பெரம்பலூருக்கு ஓடினோம். கடைக்காரர் அதே நம்பர் டைல்ஸைத்தான் எடுத்து வந்தார், ஆனால் நிறம் ஒரு சாயல் மங்கல். "இது வேற லாட்டுங்க, அந்த லாட்டு முடிஞ்சிருச்சு" என்றார். இவர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஃப்ளைட். புறப்படும்போது உடைந்த டைல்ஸில் ஒரு சில்லை எடுத்துப் பர்ஸில் போட்டுக்கொண்டார், சீப்பை பீரோவின் மேல் வைத்தார். "வந்து போடுறேன். அதுவரைக்கும் யாரையும் தொட வுடாத" என்றார்.

அந்த 'வந்து போடுறேன்' நாலு வருஷமாக நீண்டுவிட்டது. முதலில் கம்பெனி லீவு தரவில்லை. அப்புறம் அந்தக் கம்பெனியே சரியில்லாமல் போய், வேறு கம்பெனிக்கு மாறினார். புதுக் கம்பெனி என்றால் புதிதாக இரண்டு வருஷம். அது முடிகிற நேரத்தில் பெரிய வேலை ஒன்று வந்தது, இதை முடித்துவிட்டுப் போ என்றார்கள். எப்போது வருவீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். "உங்க சௌகரியம் பாத்து வாங்க" என்பேன். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் இதையேதான் சொல்கிறோம். சொல்லி போனை வைத்ததும், கழுவிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துப் போட்டு உருட்டுகிறோம்.

இந்த நாலு வருஷத்தில் என்னைப் பெற்ற அத்தா மௌத்தாகி அடக்கமானார். தங்கைக்கு நிக்காஹ் நடந்தது. மகள் பத்தாவது பாஸ் பண்ணினாள். எல்லாமே அவர் இல்லாமல் நடந்தது, நடந்து முடிந்தது. அவர் இல்லாமல் நடக்காத ஒரே காரியம் அந்தப் பள்ளம்தான். மறைக்காமல் சொல்கிறேன், அது இருக்கிற வரைக்கும் அவர் இந்த வீட்டுக்கு வந்துதான் தீர வேண்டும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்தும் தினமும் அந்த இடத்தை மட்டும் ஈரத் துணியால் தனியாகத் துடைத்து வைப்பேன்.

போன வருஷம் என் நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தப் பள்ளத்தில் கால் விரல் இடறிவிட்டது. நகம் பெயர்ந்து ரத்தம் வந்துவிட்டது. "ஏம்மா, நம்ம ஊர்ல ஆளா இல்ல? அரை நாள் வேலை. இத வச்சு அழகு பாக்குறியா?" என்று ஒரு பிடி பிடித்தார்கள். அதோடு விடாமல் தம்பியான இவருக்கும் போன் போட்டுத் திட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து இவர் கூப்பிட்டார். "புள்ள, ஒரு விஷயம். இங்க ஒரு சைட்ல மிஞ்சின டைல்ஸ் கெடக்குது. என்கிட்ட இருக்குற சில்ல வச்சுப் பாத்தேன், அச்சா அதே நெறம். நீ நெலைக்கால அளவெடுத்து அனுப்பு. நான் இங்கயே வெட்டி யார்கிட்டயாவது குடுத்து வுடுறேன். நீயே ஒட்டிரலாம். நாப்பத்தஞ்சு நாள் சித்தாளா இருந்தவதானே?"

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் திரும்பி அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். "அதுக்கென்னங்க, எடுத்துட்டாப் போச்சு" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் அறைக்கு வந்ததும் வீடியோவில் கூப்பிட்டார். போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, சீப்பை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முதல் தடவை வேகமாக அழுத்திவிட்டேன். "ஏய், ஏய், அடுப்பு ஊதுற மாதிரி மூச்சு வாங்காத. மெதுவா. தரையோட ஒட்டிப் புடி. நீ தள்ளாத, அதுவாப் போவும்" என்றார். இரண்டாம் தடவை திருகை முறுக்க மறந்து, தாளில் வைப்பதற்குள் கம்பிகள் நகர்ந்துவிட்டன. "வேணும்னே பண்றியா?" என்றார். இல்லை, உண்மையாகவே மறந்துபோனேன். மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு, இது மரம் இருக்கிற பக்கம், இது தரை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எதிர்வீட்டு மருமகன் பயணம் புறப்பட்டபோது, இவர் கேட்டிருந்த ஊறுகாய் டப்பாவோடு அந்தத் தாளையும் கொடுத்து அனுப்பினேன்.

அப்புறம் அதைப் பற்றிப் பேச்சு மூச்சில்லை. நோன்பு வந்தது, பெருநாளும் போனது. ஒரு தடவை கேட்டதற்கு மெஷின் ரிப்பேர் என்றார். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் முன்பு எதிர்வீட்டு மருமகன் லீவில் வந்தார். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால், இவருடைய பழைய கைலியில் நாலு சுற்று சுற்றி அந்தத் துண்டு இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போனதும் கதவைச் சாத்திவிட்டு, நிலைக்காலடியில் உட்கார்ந்து அதை வைத்துப் பார்த்தேன். வைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அதுவாகவே போய் உட்கார்ந்துவிட்டது. குடத்தின் வளைவு, இதழின் நுனி, உளி தவறிய ஒரு சின்னக் கீறல் வரைக்கும், எதிலும் இம்மி பிசகவில்லை. நகத்தை நுழைத்துப் பார்த்தேன், போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, என் வீட்டு மரத்தைத் தொடாமலே இந்த மனிதர் வெட்டி அனுப்பிவிட்டார். அப்படியானால் இனி இங்கே வந்து செய்ய அவருக்கு என்ன பாக்கி இருக்கிறது? துண்டை எடுத்து அதே கைலியில் சுற்றி, பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே கூப்பிட்டார்.

"வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். பொருந்தல."

"எந்தப் பக்கம் இடிக்குது?" என்றார்.

"எல்லாப் பக்கமும் இடிக்குது."

"எல்லாப் பக்கமுமா? அது எப்படி புள்ள? கேமராவத் திருப்பி அந்த எடத்தக் காட்டு."

"கேமரா ரிப்பேருங்க" என்றேன். வீடியோவில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். என் முகம் அவருக்கு முன்னால் பளிச்சென்று தெரிகிறது. பொய் சொல்வதிலும் என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

வயிறு குலுங்கச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது" என்றார். "அந்தத் துண்ட நோன்புக்கு முந்தியே வெட்டிட்டேன். மெஷின் ரிப்பேர்னு சொன்னது சும்மா. கட்டிலுக்கு அடியிலதான் வச்சிருந்தேன். குடுத்து வுட ஆளு நெறையப் போனாங்க, எனக்குத்தான் மனசு வரல. அனுப்பிட்டா நீ ஒட்டிருவ. ஒட்டிட்டா அப்புறம் அந்த வூட்டுல எனக்குன்னு என்ன இருக்கு?"

வாய் வழக்கம்போல 'உங்க சௌகரியம்' என்று ஆரம்பிக்கப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன்.

"வந்துருங்க" என்றேன். "சௌகரியமெல்லாம் பாக்க வேணாம். இந்த மாசமே லீவுக்கு எழுதிக் குடுங்க. எனக்கு முடியலங்க. வந்துருங்க."