நாலு கம்பி கிட்டாரில் ஒரு ஷாக்

போன ஞாயிற்றுக்கிழமை விடாத மழை. என் மகள் காயத்ரி குளிப்பதற்காகக் கீசரைப் போட்டேன். தண்ணீர் சுடுவதற்குள் கொஞ்சம் வாசிக்கலாமென்று அவள் புது பேஸ் கிட்டாரை எடுத்து லேப்டாப்பில் சொருகினாள். அடுத்த நொடி ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், கையை உதறிக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா, கம்பியத் தொட்டா ஷாக் அடிக்கறது."

உடனே லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். அந்தக் கிட்டாரைத் தேர்ந்தெடுத்தது நான்தான்!

காயத்ரி கல்லூரியில் படிக்கிறாள், வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் செய்கிறாள். முந்தின நாள் கடையில் அவள் ஆசைப்பட்டது வேறு ஒன்று. அதன் விலையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. ஆறு கம்பி கிட்டாரைவிட நாலு கம்பி கிட்டார் விலை ஜாஸ்தி... இது என்ன நியாயம்? கழுத்து வளையாமல், இரைச்சல் இல்லாமல் இருந்தால் வீட்டு ரெக்கார்டிங்குக்குத் தாராளம் என்றார் கடைக்காரர். போதாதா எனக்கு? இருப்பதிலேயே மலிவானதைக் கட்டித் தரச் சொல்லிவிட்டேன்.

சிக்கனம் பார்த்துக் குழந்தைக்கு வினை வைத்துவிட்டேனோ?

கீசரைக்கூட அணைக்காமல், குளிக்கவும் விடாமல் அவளை ஆட்டோவில் ஏற்றினேன். எங்கள் கரமனை வீட்டிலிருந்து கடை வரை கிட்டாரையும் லேப்டாப்பையும் நானே மடியில் வைத்துக்கொண்டேன். கடைக்காரர் எங்கள் லேப்டாப்பிலேயே கிட்டாரைச் சொருகி வாசித்துப் பார்த்தார். ஒன்றுமே ஆகவில்லை.

"இதுல ஒரு குழப்பமும் இல்ல சேச்சி. வீட்டுல கரண்டை நோக்கணும்" என்றார். கிட்டாரில் கோளாறு இல்லையாம், வீட்டுக் கரண்டைத்தான் பார்க்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் லேப்டாப்பையும் கிட்டாரையும் மறுபடி சொருகிவிட்டு டெஸ்டரை எடுத்தார். கிட்டார் கம்பியில் வைத்தார், எரிந்தது. ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் வைத்தார், அங்கும் எரிந்தது. எல்லாவற்றிலும் கரண்டா? காயத்ரி எங்கே?

குளியலறையில். வாளியை வைத்துவிட்டுக் கீசர் குழாயைத் திறக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"தொடாதே!"

அப்படி நான் கத்தியதே இல்லை. அவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சொன்னார். கீசரில் கரண்ட் கசிகிறது. மண்ணுக்குள் இறங்க வேண்டிய அந்தக் கரண்டுக்கு வழியில்லை, எர்த் கம்பி அறுந்திருக்கிறது. அதனால் மூன்று பின் பிளக் சொருகிய எல்லாவற்றிலும் பரவி, லேப்டாப் வழியாகக் கிட்டார் வரை வந்திருக்கிறது. கம்பி எப்படி அறுந்தது? கோயில் பொங்காலைக்கு வரும் பெண்கள் அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைக்க வசதியாக இருக்கட்டுமென்று முற்றத்துக்கு டைல்ஸ் போட்டோமே, அப்போதுதான். குறுக்கே நின்ற எர்த் கம்பியை வேலையாட்கள் வெட்டி மூடிவிட்டார்கள். மற்ற நாளெல்லாம் பச்சைத் தண்ணீர்க் குளியல் என்பதால் தப்பித்தோம்.

இதில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மலிவுச் சாமான் என்பதால்தானே உடனே சந்தேகப்பட்டுக் கடைக்கு ஓடினேன்? விலை உயர்ந்த கிட்டார் என்றால், "செருப்பைப் போட்டுண்டு வாசி" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போயிருப்பேன். அவளும் நேரே குளிக்கப் போயிருப்பாள்...

கீசரை மாற்றியாயிற்று, எர்த்தும் புதிது. இருந்தாலும் பயம் போகவில்லை. அவள் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

"எந்தாம்மா இது? குளிச்சிண்டிருக்கேன்!"

அந்த எரிச்சலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வருகிறது.