கடைசி வரியில் ஒட்டிய அம்பு

திருப்பூர் நல்லூரில் எங்கள் வீட்டுப் பக்கத்து நூலகத்திலிருந்து எடுத்து வந்த நாவலை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரித்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏழாம் பக்க ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், குறை இங்கே என்று காட்டப் பனியன் கம்பெனிகளில் ஒட்டும் அம்பு அது. முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. ஆறு நாளும் இதைத்தான் பார்க்கிறேன், ஏழாவது நாளும் விடமாட்டேன் என்கிறதே என்று எரிச்சலாக இருந்தது.

ஆனாலும் பழக்கதோஷம் விடுமா? அம்பு காட்டிய வரியில் என்ன குறை என்று தேடினேன். சண்டையில் மகள் வீட்டை விட்டுப் போய்விட்டாள். பஸ் நிறுத்தத்தில் இட்லிக்கடை போட்டிருக்கும் அம்மா, ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் கரண்டியைப் பிடித்தபடியே படிக்கட்டைப் பார்க்கிறாள். இவ்வளவுதான் அந்த வரி. அதில் பிழையும் இல்லை, அச்சும் சரியாகவே இருந்தது. மூன்றாவது தடவை படித்த பிறகும் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. குறை என்று ஒட்டியதல்ல என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. நான் எங்கெல்லாம் படிக்க முடியாமல் நின்றேனோ அங்கெல்லாம் எனக்கு முன்னாலேயே ஒரு அம்பு இருந்தது. பதினோரு இடம். யாரோ கூடவே உட்கார்ந்து படிக்கிற மாதிரி இருந்தது. நான் குக்கர் வைக்க மறந்ததால், வீட்டில் எல்லோரும் கடைப் பரோட்டா தின்றார்கள்.

பன்னிரண்டாவது அம்பு கடைசி வரியில். 'பஸ்ஸிலிருந்து மகள் இறங்கினாள். அம்மா அடுப்பை அணைத்தாள்.' மற்றவை எல்லாம் பக்க ஓரத்தில் இருக்க, இது மட்டும் எழுத்தின் மேலேயே அழுத்தி ஒட்டியிருந்தது. தேறாத பனியன் பீஸைக் கழித்துப் போடும்போது நாங்கள் அப்படித்தான் ஒட்டுவோம். இந்த வரியையா கழித்தார்கள்? எனக்குச் சுள்ளென்று ஏறியது. அந்த ஆளைப் பிடித்துக் கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

நூலகரைக் கேட்டேன். பாதிப் பேர் உள்ளேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போய்விடுவார்கள், யாரென்று சொல்வது என்றார். திரும்பி வரும்போதுதான் அம்புகளைச் சரியாகக் கவனித்தேன். எல்லாமே பாதி அம்பு. ஒரு ஸ்டிக்கரை நீளவாக்கில் இரண்டாக வெட்டிப் பயன்படுத்தும் கஞ்சத்தனம் திருப்பூரிலேயே என் ஒருத்திக்குத்தான் உண்டு. ஆள் எங்கள் கம்பெனி. எனக்கு அன்று ராத்திரி தூக்கமே பிடிக்கவில்லை.

செக்கிங் பெண்களின் கண் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்க, நல்ல பீஸ்களுக்கு நடுவே தெரிந்தே ஒரு ஓட்டை பீஸைச் செருகி விடுவேன். அதே வேலையைக் கதையில் செய்தேன். திங்கட்கிழமை டீ நேரத்தில் நாவலை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்து, "கடைசீல அந்தம்மா கடையக் காலி பண்ணீட்டு, மகனோட ஊருக்குப் போயிட்டாங்க" என்று முடித்தேன். பத்துப் பெண்களும் பாவம் என்றார்கள். ஒருத்தியும் சிக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் கத்தரிச் சத்தம் நின்றது.

"இல்லீங்க மேடம். அவ எங்கீங்க போனா? கடையத் தூக்கச் சொல்லி ஊரே கத்துனப்பக்கூட அவ அசையிலீங்களே."

பிசிர் நூல் வெட்டுகிற அக்கா. ஐம்பது வயதிருக்கும், வந்தால் போனால் தெரியாத மனுஷி. தினமும் காலையில் எனக்காக ஸ்டிக்கர்களைப் பாதியாக வெட்டித் தருவதே அவர்தான். நான் ஒரு மடச்சி, பத்துப் பெண்களையும் துழாவிவிட்டு அவரை நினைக்கவே இல்லை. கையில் டீ இல்லாவிட்டால் கட்டிப் பிடித்திருப்பேன்.

"நீங்கதானுங்களா அக்கா?"

"சாயங்காலம் போறப்ப சேலைல நாலஞ்சு ஒட்டீட்டு வருமுங்க. படிக்கறப்ப தாண்ட முடியாத எடத்துல ஒட்டுனனுங்க. தப்புங்களா?"

"அது இருக்கட்டும். கடைசி வரியில ஏன் ஒட்டுனீங்க? அத மாதிரி ஒரு வரி உண்டுங்களா?"

"அது டேமேஜுங்க."

சண்டைக்குத் தயாராக டீயைக் கீழே வைத்தேன். அவர் நூலை வெட்டிக்கொண்டே சொன்னார்: "அப்புடியெல்லாம் வர மாட்டாங்க மேடம். எம்புள்ள வூட்ட உட்டுப் போயி ஆறு வருசமாச்சுங்க. நாந்தான் போடீன்னு சொன்னனுங்க."

கீழே வைத்த டீயை மறுபடி எடுத்துக்கொண்டேன். பெல் அடித்தது, எல்லோரும் எழுந்து போனோம்.

ஆனால் அந்தப் புத்தகம் எங்களை விடவில்லை. தினமும் டீ நேரத்தில் அதே பேச்சுத்தான். மழை பெய்தால், "இன்னிக்கு அந்தம்மா கடைக்கு ஆளே வந்திருக்காது" என்பார் அக்கா. நான் பஸ்ஸில் போகும்போது வழியில் தெரிகிற இட்லிக்கடையை எல்லாம் எட்டிப் பார்த்தேன். மற்றதில் எல்லாம் எனக்கு விட்டுக்கொடுப்பார், கடைசி வரியில் மட்டும் மாட்டார்.

போன மாதம் ஒரு நாள் காலையில் நேராக என் மேஜைக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"நேத்துச் சாயங்காலம் வந்துட்டாளுங்க. கைக்கொழந்தையோட. லீவு சொல்லீட்டுப் போலாம்னு வந்தனுங்க." பிறகு குரலைத் தணித்து, "லைப்ரரி எத்தன மணிக்குங்க தொறப்பாங்க? ஒரு அம்ப எடுக்கோணுங்க" என்றார்.

பர்மிஷன் என்று யார் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான். அன்று எனக்கே ஒரு பர்மிஷன் எழுதிக்கொண்டு அவரை ஸ்கூட்டரில் ஏற்றினேன். நான் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை யாராவது எடுத்துப் போயிருந்தால் என்ன செய்வது என்று வழி நெடுகப் பதைப்பு. நல்ல வேளை, புத்தகம் இருந்தது.

ஆனால் துணியில் ஒட்டிய அம்புதான் சுலபமாக வரும். பழைய தாளில் ஒட்டியதை இழுத்தால் எழுத்தும் கூட வந்துவிடும். நான் கை வைக்கப் போனேன், தட்டிவிட்டார். ஸ்டிக்கர் மேல் வாயால் ஊதி ஊதிச் சூடாக்கி, நகத்தால் ஓரத்தை நெம்பினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மெதுவாக, மயிரிழை மயிரிழையாக வந்தது. 'அடுப்பை' என்ற சொல் கொஞ்சம் மங்கியதோடு சரி. விரலை வைத்து வரியை ஒரு தடவை படித்தார். எனக்குத்தான் கண் கலங்கியது.

"மத்த அம்பையும் எடுக்கட்டுங்களா அக்கா?"

"அது இருக்கட்டுங்க" என்று புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். "வெரசாப் போலாமுங்க மேடம். எம்புள்ள எந்திரிச்சு என்னையத் தேடுவா."