எஸ்றா சாரின் நான்கு பக்கம்

எங்கள் சபையில் யாராவது இறந்துபோனால், அடக்க ஆராதனையில் பாடலுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் அவருடைய ஜீவிய சரித்திரத்தை வாசிப்பார்கள். இன்னாருக்குப் பிறந்தார், இன்ன வருஷம் ஞானஸ்நானம் பெற்றார், இன்ன வேலை பார்த்தார், பிள்ளைகள் இன்னார் இன்னார், இன்ன தேதியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று ஒரு பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்தில் பெயர் வந்தால் நீங்கள் இறந்தவருக்கு உறவு. வராவிட்டால் கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தாலும் வேடிக்கை பார்க்க வந்தவர்தான். முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊரில் அதை எழுதியவர் எஸ்றா சார். முப்பத்தோரு வருஷமும் பொய்தான் எழுதினார்.

அவரைச் சார் என்று சொல்வதே முதல் பொய். அவர் பள்ளிக்கூடத்தில் மணியடித்தவர். தண்ணீர்த் தொட்டியை நிரப்புவார், வகுப்பு வகுப்பாகச் சுற்றறிக்கை கொண்டு போவார், மீதி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மணியடிப்பதை நான் குறைவாகச் சொல்லவில்லை. மணியைச் சரியாக அடிப்பார். பக்கத்து உப்பளத்தில் கஞ்சி குடிக்க ஒதுங்குகிறவர்கள் அவருடைய மணியைக் கேட்டுத்தான் ஒதுங்குவார்கள். கைக்கடிகாரம் யாரிடமும் கிடையாது. வாழ்நாளில் அவர் செய்த ஒரே நேர்மையான வேலை அது. அதைத்தான் அவர் மறைத்தார். ஓய்வு பெற்ற மறுநாளே வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு, ‘கல்விப் பணியில் இருந்தவன்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் மணியடிக்க நாங்கள் வீட்டுக்கு ஓடியதெல்லாம் எங்களுக்கே மறந்துபோக வேண்டும் என்று எதிர்பார்த்தார்.

அவர் எழுதிய சரித்திரங்களில் எங்கள் ஊரில் ஒருத்தரும் பனை ஏறியதில்லை. ஒருத்தரும் உப்பு வாரியதில்லை. ஆண்கள் எல்லாரும் ‘சுயதொழில்’ செய்தார்கள். பெண்கள் எல்லாரும் ‘சாந்த குணமுள்ளவர்கள்’. மரகதம் அத்தை செத்தபோதும் அப்படித்தான் எழுதினார். அத்தை வாயைத் திறந்தால் தெருவில் பஸ் நிற்கும். அவளுக்குச் சாந்த குணம் என்று இவர் வாசித்ததும், பின்பெஞ்சில் இருந்த அவளுடைய கொழுந்தன், “பொட்டியை மாத்திக் கொண்டாந்துட்டானுவளாலே?” என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டார்.

என் அப்பா இறந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான். தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழ் இன்னும் கண்ணாடி போட்டு எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அந்தப் படிப்புக்கு அப்பா இருபத்தாறு வருஷம் உப்பு வாரினார். உள்ளங்கால் இரண்டும் வெள்ளையாகப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். எஸ்றா சார் எழுதி வந்த தாளில் ‘சுயதொழில் செய்து வந்தார்’ என்று இருந்தது.

“சார், எங்கப்பா உப்பளத்துல வேலை பாத்தாரு” என்றேன்.

“தெரியும்லே. கோயில்ல வாசிக்கதுல உப்பு, பனைன்னுலாம் எழுதக்கூடாது. கேக்கவங்க என்ன நெனப்பாங்க?”

“கேக்கவங்க அம்புட்டுப் பேரும் உப்பு வாருதவங்கதான சார்?”

“காலேசுக்குப் போனா வாய் நீளத்தான் செய்யும்” என்றவர் அப்படியே வாசித்தார். என் அம்மா முதல் பெஞ்சில் இருந்து, வேறு யாருடைய புருஷனுக்கோ உட்கார்ந்திருப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இவற்றை எல்லாம்விட மோசமானது பிள்ளைகள் விஷயம். சபையை விட்டு வெளியே கல்யாணம் முடித்துப்போன பிள்ளைகளை எஸ்றா சார் சரித்திரத்தில் சேர்க்கமாட்டார். நான்கு பெற்றவருக்கு மூன்று என்று வாசிப்பார். விடுபட்டவள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். வாசிப்பது உப்பளம் வரைக்கும் கேட்க வேண்டும் என்று கோபுரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஒன்றையும் கட்டவைத்தார். அவர் பேசிக் கட்டவைத்தது அது ஒன்றுதான். கோயில் கூரை ஒழுகியது. அதைப் பற்றி ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் ஆசீர், ஷார்ஜாவில். இளையவள் ரேச்சல் அக்கா. அக்கா இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏரல் பக்கத்து ஊர்க்காரர் வன்னியபெருமாளைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவர் இந்து, வயல்காட்டுக் குடும்பம், துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். அன்றிலிருந்து எஸ்றா சார், ‘எனக்கு ஒரே பையன்’ என்று சொல்லிவந்தார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து விழுந்தார். ஷார்ஜாவில் இருந்து வீடியோ கால் வந்தது. ஏரலில் இருந்து ரேச்சல் அக்கா வந்தாள். கணவனையும் பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டு, வாரத்துக்கு ஆறு நாள் இங்கே இருந்து, மலமூத்திரம் அள்ளி, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்து, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். சாயங்காலம் வன்னியபெருமாள் காய்கறிப் பையோடு வருவார். வாசல் படிக்கு வெளியே நின்று கொடுத்துவிட்டுப் போவார். உள்ளே வா என்று எஸ்றா சார் ஒரு நாளும் சொல்லவில்லை. அவர் கொண்டுவந்த கத்திரிக்காயைத் தின்றார்.

அவர் படுத்தபிறகு சரித்திரம் எழுதும் வேலை எனக்கு வந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்த்தாலும் நான் எம்.ஏ. தமிழ். நான்கு பேருக்கு எழுதினேன். உப்பளத் தொழிலாளி என்றும், பனையேறி என்றும், மீன் விற்றார் என்றும் எழுதினேன். ஓடிப்போனவர்கள் பெயரையும் சேர்த்தேன். ஸ்பீக்கரில் இதையெல்லாம் கட்டிலில் கிடந்தபடியே கேட்ட எஸ்றா சார், “சபையை அசிங்கப்படுத்துதான்” என்று சொன்னாராம். அக்காதான் சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் இறந்தார். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அடக்கம். காலையில் நான் போனபோது ஆசீர் விமானத்தில் வந்து இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். வாசலில் ஃப்ரீசர் பெட்டி வண்டியோடு ரோச் நின்றார். ரோச் தூத்துக்குடிக்காரர், கத்தோலிக்கர். சரித்திரம் எழுத வந்திருக்கிறேன் என்றதும், “எங்களுக்குப் பூசையில பேரைச் சொல்லுவாங்க, அத்தோட சரி. உங்க ஆளுக்குச் செத்தப்புறமும் பயோடேட்டா கேக்காகளோ?” என்றார்.

அக்கா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். கையில் ஒட்டிய கவர் ஒன்று இருந்தது. மேலே எஸ்றா சாரின் கையெழுத்தில் ‘அடக்க ஆராதனையில் வாசிக்க’ என்று எழுதியிருந்தது.

“நீ எழுத வேண்டாம் தம்பி. அப்பாவே எழுதி வச்சுட்டாரு.”

“எப்பக்கா?”

“மூணு மாசம் இருக்கும். கை நடுங்கும்லா, எழுதுத அட்டை நிக்காது. நாந்தான் நெஞ்சுக்கு மேல அட்டையைப் பிடிச்சிட்டு இருந்தேன். ஒரு வாரம் எழுதினாரு. எழுத்தைப் பாக்காத, அங்கிட்டுத் திரும்பிக்கன்னாரு. திரும்பிக்கிட்டேன்.”

கவரை என்னிடம் நீட்டினாள்.

“பிரிச்சு எம்பேரு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு. எனக்குப் பாக்கப் பயமா இருக்கு. கோயில்ல எல்லாரும் இருக்கையில எஸ்றாவுக்கு ஒரு மக உண்டுன்னு ஒருக்கா வாசிச்சாப் போதும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்.”

பிரித்தேன். நான்கு பக்கம். கோடு போட்ட தாளில் நடுங்கி நடுங்கி எழுதியிருந்தார். கல்விப் பணியில் முப்பத்து மூன்று ஆண்டுகள். ‘மாணவர்களின் வாழ்வில் ஒழுங்கையும் நேரந்தவறாமையையும் விதைத்தார்.’ மணி எந்த இடத்திலும் இல்லை. சபையின் மாண்பைக் காத்தவர். அன்புள்ள தகப்பன். ‘படுக்கையில் இருந்த நாட்களிலும் பிறருக்குப் பாரமாக இராமல் பொறுமையோடு கர்த்தரைத் துதித்தார்.’ அந்த வரியை எழுதும்போது அவருக்கு அட்டை பிடித்தவளின் கை வலித்திருக்கும். அதற்கு அடுத்த வரி: ‘அன்னாருக்கு ஆசீர் என்ற ஒரே குமாரன்.’ கடைசியில் தேதிக்கும் கிழமைக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்.

முப்பத்தோரு வருஷம் ஊராருடைய பிள்ளைகளை வெட்டியவர், தன்னுடைய முறை வரும்போதாவது வெட்கப்படுவார் என்று ஏதோ ஒரு மூலையில் நான் நினைத்திருந்தேன். அவ்வளவு நினைத்ததே தப்பு.

“இல்லக்கா” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். குடத்தில் இருந்து தண்ணீர் மொண்டு முகத்தைக் கழுவினாள்.

“ரெண்டு வருசம் கழுவிவிட்டேன். ஒரு வரி எழுத முடியல பாரு அந்தக் கைக்கு” என்றாள்.

நான் ஆசீரிடம் போனேன். அக்கா பெயரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“அப்பா கைப்பட எழுதினது தம்பி. அதுல ஒரு எழுத்து மாறக் கூடாது. அப்பாவோட கடைசி விருப்பம்லா?”

“ரெண்டு வருசமாப் பாத்தது அக்காதான அண்ணே?”

“அதுக்கு நான் மாசாமாசம் அனுப்பத்தான் செஞ்சேன்” என்றவர் செல்போனைப் பார்த்தார். “அவ வேலைக்கு ஒண்ணும் வரலியே, மகளாத்தான வந்தா? பெறகு பேரு எதுக்கு?”

தகப்பன் எழுதினார், மகன் பேசினார். எழுதியது, பேசியது, இரண்டும் ஒரே கை.

குருவானவரிடம் கேட்டேன். “குடும்பத்தார் முடிவு தம்பி. எழுதினதை எழுதினபடி வாசியும்” என்று சொல்லிவிட்டு அங்கியை மாட்டப் போனார்.

எழுதியதை எழுதியபடி. சரி என்றேன்.

கோயில் நிறைந்திருந்தது. ஆசீர் முதல் பெஞ்சில். ரேச்சல் அக்கா பெண்கள் பக்கத்தில் ஐந்தாவது வரிசையில், தூண் மறைவில். வன்னியபெருமாள் உள்ளே வரவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் லாரி ஓட்டுநர்கள் இரண்டு பேரோடு நிற்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பாடல் முடிந்ததும் மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். நான்கு பக்கத்தையும் வாசித்தேன். ஒரு எழுத்தை மாற்றவில்லை, ஒரு வார்த்தையை விழுங்கவில்லை. கல்விப் பணி என்றபோது பின்னால் யாரோ இருமினார்கள். பிறருக்குப் பாரமாக இராமல் என்றபோது பெண்கள் பக்கத்தில் தலைகள் திரும்பின. ஒரே குமாரன் என்று வாசித்தேன். தேதியையும் கிழமையையும் நிரப்பி வாசித்தேன். நித்திரையடைந்தார் என்று முடித்தேன். ஆசீர் தலையை ஆட்டினார், திருப்திதான்.

தாள்களை மடித்தேன். ஆனால் இறங்கவில்லை.

“இது எஸ்றா சார் தம் கைப்பட எழுதியது. எழுதும்போது அவருக்குக் கை நடுங்கியது. ஒரு வாரம் அவர் நெஞ்சின் மேல் அட்டையைப் பிடித்திருந்தது அவருடைய மகள் ரேச்சல். மருமகன் வன்னியபெருமாள்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அவ்வளவுதான். யாரும் எழுந்து கத்தவில்லை. ஆசீர் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். எழுதியதில் ஒரு எழுத்தும் மாறவில்லையே, எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பார்? குருவானவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துவிட்டு வேதாகமத்தைத் திறந்தார். அன்றைக்குப் பிரசங்கம் ஆறே நிமிஷம்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியதும், “பிள்ளைகள் மண் போடலாம்” என்றார் குருவானவர். ஆசீர் ஒரு பிடி போட்டார். அடுத்து யாரும் நகரவில்லை. பெண்கள் கூட்டத்தில் இருந்து ஒரு கிழவி, “ஏளா ரேச்சல், அங்கன ஒளிஞ்சு நிக்க? முன்னால வா. அட்டை பிடிச்ச கைதான, மண்ணையும் போடு” என்றாள். வழி விட்டார்கள். அக்கா வந்து ஒரு பிடி மண்ணைப் போட்டாள். அழவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

என் பக்கத்தில் வரும்போது, “அவுக பேரையுஞ் சொல்லிட்டியே தம்பி. வெளிய நின்னாகளே, கேட்டிருக்குமா?” என்றாள்.

“கேட்டிருக்கும்க்கா. குழாய் ஸ்பீக்கர் உப்பளம் வரைக்கும் கேக்கும். உங்கப்பா கட்டினது.”

முதல் தடவையாக அன்றைக்கு அவள் சிரித்தாள்.

செத்தவரைக் குறை சொல்லலாமா என்று ஊரில் இரண்டொரு பேர் என்னைக் கேட்டார்கள். நான் குறை சொல்லவில்லை, அவர் எழுதியதைத்தான் வாசித்தேன். நல்ல மனிதர்தான், வைராக்கியம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி என்று அவருக்காகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வைராக்கியம் இல்லை. ஊட்டின கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்தக் கையை இல்லை என்று எழுதுவதற்கு வேறு பெயர் இருக்கிறது. கோயில் மைக்கில் சொல்லக்கூடிய பெயர் இல்லை.

சபையில் இறந்தவர்களின் சரித்திரங்களை எல்லாம் ஒரு கோப்பில் கட்டிப் பாதுகாக்கிறார்கள். அவருடைய நான்கு பக்கத்தையும் அதில் வைத்தேன். நான்காவது பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. நான் மைக்கில் சொன்னதை அங்கே மையால் எழுதினேன். அதற்கு மேலே, ‘பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் மணியடித்தார், ஒரு நாளும் நேரம் தவறியதில்லை’ என்றும் எழுதினேன். அந்த நான்கு பக்கத்தில் அவரைப் பற்றி உண்மையாக ஒரு நல்ல வார்த்தை இருக்கிறது என்றால் அது இதுதான். அதையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது.