கம்பெனி செட்டா, கடை செட்டா?

2011-ஆம் ஆண்டு, ஆனி ஆடிச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள். இரணியலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றுக்கு என் கணவரை அடிக்கடி கூட்டிப் போய்வர வேண்டியிருந்தது. அதற்காகவே ஒரு கார் வாங்கினோம். அந்தக் காரில் எந்த ஸ்டீரியோ செட் வைப்பது என்ற சின்ன விஷயம் என்னைப் பல நாட்கள் தூங்கவிடாமல் அடித்தது.

என் கணவருக்குக் குரல்நாணில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். அதன் பிறகு அவருக்குக் குரல் இல்லை. காதருகில் வந்து சொன்னால் காற்றுப் போல ஏதோ கேட்கும், அவ்வளவுதான். கழுத்தைத் திருப்பவும் முடியாது என்பதால் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உரக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக மாவட்டம் முழுவதும் அலைந்தவர் அவர். உர லாரிகளை முடுக்குகளுக்குள் நுழைத்து, குடோன் வாசலில் மூட்டை இறக்க வைத்து, மறுபடி வெளியே கொண்டுவருவது அவருக்கு அன்றாட வேலை. களியக்காவிளை வரைக்கும் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது.

நான் கணக்கு டீச்சர். எல்லாவற்றையும் எழுதி வைத்து, ஒப்பிட்டுப் பார்த்துச் செய்கிறவள். லைசென்ஸ் உண்டு, வண்டியும் நன்றாக ஓட்டுவேன். ஆனால் திசை மட்டும் எனக்குப் பிடிபடவே பிடிபடாது. நாற்சந்தி வந்தால் தவறாமல் தவறான பக்கம் திரும்புவேன். "டீச்சருக்கு ஸ்டாஃப் ரூம்ல இருந்து ஒம்பதாம் கிளாசுக்குப் போகவே ஆரும் வழி காட்டணும்" என்று பள்ளியில் கேலி செய்வார்கள். அதுவரை வழி சொல்லிக்கொண்டிருந்தவர் பக்கத்து இருக்கையில்தான் இருக்கப்போகிறார், ஆனால் அவர் சொல்வது எனக்குக் கேட்காது. அதுதான் என் பயம். திருவனந்தபுரத்தில் அவரைப் பார்க்கும் மருத்துவர் வாரத்தில் ஒருநாள் காலையில் மட்டும்தான் பார்ப்பார். அறுத்த இடம் ஆறியிருக்கிறதா, இன்னொரு முறை வெட்ட வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். வழி தவறினால் ஒரு வாரம் போய்விடும்.

எங்களால் வாங்க முடிந்த மாடலில் கம்பெனியே பொருத்திய ஒரு ரேடியோவும் சிடி பிளேயரும் இருந்தன. வழிகாட்டும் திரை வேண்டுமென்றால் அதற்கு மேலான மாடலுக்குப் போக வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும். அல்லது வெளியே கடையில் வாங்கி மாட்ட வேண்டும். ஷோரூம் பையன் என்னைப் பயமுறுத்தினான். "மேடம், வெளிய செட் போட்டு ஒரு வயரத் தொட்டாலும் வாரண்டி போயிரும். பொறவு லைட் எரியலன்னு வந்தாலும் நாங்க பொறுப்பில்ல."

சார்ஜாவில் இருக்கும் மகன் போனில் வேறு மாதிரி சொன்னான். "யம்மா, மேல் மாடல்ல வார கம்பெனி செட்டுக்க மேப்பு பழசாக்கும். புது ரோடு போட்டா அதுக்குத் தெரியாது. இஞ்ச டாக்சிக்காரனுவ ஒருத்தனும் அத நம்ப மாட்டான். நீங்க பெரிய திரையா பாத்து வெளிய வாங்கிப் போடுங்க."

இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்த்தேன். வாரண்டி, திரையின் அளவு, பின்பக்கக் கேமரா, வரைபடத்தைப் புதுப்பிக்கும் வசதி. எழுத எழுதக் குழப்பம்தான் கூடியது. காலையில் கம்பெனி செட் என்று முடிவு செய்வேன். பள்ளி விட்டு வரும்போது கடை செட் என்று மாறியிருப்பேன். வழியில் நிற்கும் கார்களுக்குள் எல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒருவர் தன் காரைத் திருட வந்தவள் என்று நினைத்து அதட்டவும் செய்தார்.

என் கணவரிடம் கேட்டேன். என் காதருகில் வந்து, "பாட்டு இருக்குல்லா, அது போதும். வழி எனக்குத் தெரியும்" என்றார்.

"நீங்க சொன்னா எனக்குக் கேக்கணும்லா" என்றேன்.

சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பேச்சில் அவர் கலந்துகொள்ளவே இல்லை. செலவை நினைத்து வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் கார் வந்த அந்த வாரமே நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு என்னைப் போன்றவர்களின் பயம் பழக்கம் போலிருக்கிறது. கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார். "டீச்சர், வயர வெட்டவே வேண்டாம். கப்ளர் உண்டு. இதக் கழத்தி அதக் குத்துனா தீந்துது. நாளைக்கே வேண்டாம்னு தோணுனா பழசத் திருப்பி மாட்டிரலாம். கம்பெனிக்காரனுக்க அப்பன் வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்."

டேஷ்போர்டைப் பிரித்து, கம்பெனி செட்டை உருவி எடுத்து, பளபளவென்று ஒரு திரையை வைத்தார்கள். பின்னால் கேமராவும் வைத்தார்கள். எடுத்த செட்டைச் செய்தித்தாளில் சுற்றி என் கணவர் கையில் கொடுத்தார்கள். வீடு வரும் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி வந்தார். பின்சீட்டில் வைக்கலாமே என்றேன். அவர் வைக்கவில்லை.

முதல் பயணம் நல்ல மழையில் தொடங்கியது. திரைக்குள் இருந்த பெண் ஆங்கிலத்தில் வழி சொன்னாள். தக்கலையையும் மார்த்தாண்டத்தையும் அவள் உச்சரித்த விதத்தில் அவை எந்த நாட்டில் இருக்கின்றன என்றே தெரியவில்லை. ஆனாலும் தெளிவாகக் கேட்டது. எனக்குத் தைரியம் வந்தது. அவரிடம், "பாத்தியளா, எவ்வளவு சௌகரியம்" என்றுகூடச் சொன்னேன். அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

களியக்காவிளைக்குக் கொஞ்சம் முன்னால் சாலையில் மரம் விழுந்து கிடந்தது. போலீஸ்காரர் எல்லா வண்டிகளையும் பக்கத்துச் சாலையில் திருப்பிவிட்டார். முன்னால் போன வண்டிகளின் பின்னாலேயே போனேன். ஓர் இடத்தில் நான் பின்தங்கிவிட்டேன், அவை கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. சாலை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் திரும்பு என்றாள் அந்தப் பெண். திரையில் அவள் காட்டிய கோடு மறுபடி நெடுஞ்சாலையைத் தொட்டது. என் கணவர் கையை நீட்டி நேராகக் காட்டினார். ஏதோ சொன்னார். வைப்பர் சத்தத்திலும் அவள் சத்தத்திலும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற குரலை நம்பி இடது பக்கம் திரும்பினேன்.

அது சானல்கரை. எங்கள் பக்கம் வயலுக்குத் தண்ணீர் போகும் கால்வாயைச் சானல் என்றுதான் சொல்வோம். அதன் கரைமேல் முதலில் தார் இருந்தது, பிறகு செம்மண், பிறகு சேறு. இடது பக்கம் சானல் கரை முட்டத் தண்ணீரோடு ஓடியது. வலது பக்கம் ஆள் உயரப் பள்ளத்தில் மரவள்ளித் தோட்டம், நாங்கள் மரச்சீனி என்போம். கார் போக மட்டும் இடம் இருந்தது, திரும்ப இல்லை. எதிரே ஒருவர் மரச்சீனிக் கிழங்கு மூட்டையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, காருக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"எங்க போணும்?"

"திருவனந்தபுரம்."

"திருவந்தரத்துக்கா? சானலுக்க கரை வழியாவா? அப்ப வள்ளத்துலல்லா வரணும்." அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "முன்னால பாலம் இடிஞ்சி கெடக்கு, அம்மா. பின்னால எடுக்கதத் தவிர வேற வழி இல்ல."

ரிவர்ஸ் கியர் போட்டேன். திரையில் பின்பக்கக் காட்சி வந்தது. கேமராவில் சேறு அப்பி, திரை முழுக்க ஒரே செம்மண் நிறம். பக்கக் கண்ணாடிகளில் மழைத்தண்ணீர். கொஞ்சம் நகர்த்தினேன், பின்சக்கரம் ஒரு பக்கமாக வழுக்கியது. நிறுத்தினேன். முடிந்த இடத்தில் வண்டியைத் திருப்பு என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாயை அடைக்கத் திரையை எங்கெங்கோ தொட்டேன். விரலில் வேர்வை ஈரம், திரை கேட்கவில்லை. கம்பெனி செட்டில் கைக்கு அகப்படுகிற மாதிரி ஒரு திருகு இருந்தது, பார்க்காமலே திருகி அணைக்கலாம். அது என் ஒப்பீட்டில் எங்கும் இடம்பெறவில்லை. கடைசியில் பக்கத்தில் ஒரு சிறு பொத்தானை அழுத்திப் பிடித்து அவளை நிறுத்தினேன்.

அதற்குள் என் கணவர் கதவைத் திறந்து மழையில் இறங்கியிருந்தார். "தொண்டையில தண்ணி படக் கூடாது, ஏறுங்க" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் காரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனார்.

சானல் படித்துறையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் கரையேறி வந்தாள். மப்ளருக்குள் தெரிந்த அவர் கழுத்துக் கட்டைப் பார்த்தாளோ என்னவோ, தன் அலுமினியச் சருவத்தில் இருந்த துணிகளை அப்படியே புல்லில் கொட்டிவிட்டு, சருவத்தைக் கவிழ்த்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள். சைக்கிள்காரர் முன்பக்கம் நின்றார்.

அப்போது டிக்கியின் மேல் தட்டும் சத்தம் கேட்டது.

உள்ளங்கையால் தகரத்தில் அடிக்கிற சத்தம். தட்டு, தட்டு, தட்டு என்று நிதானமாக. பஸ்ஸில், லாரியில் எல்லோரும் கேட்டிருக்கும் சத்தம்தான். வா என்று பொருள். நான் கிளட்சை மெதுவாக விட்டேன். தட்டல் தொடர்ந்தது, வண்டி தொடர்ந்தது. சத்தம் டிக்கியின் இடது மூலைக்குப் போனால் பின்பக்கத்தை அந்தப் பக்கம் விட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் புரிந்தது. வலது மூலைக்குப் போனால் வலது. நான் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஓர் இடத்தில் பளாரென்று ஒரே ஓர் அடி விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. வெளியே அந்தப் பெண் பதற்றமாக ஏதோ சொன்னாள். பிறகு இடது மூலையில் மெதுவாக ஒரு தட்டு. பிறகு இன்னொன்று. சக்கரத்தைத் திருப்பி, முன்னால் கொஞ்சம் போய், மறுபடி பின்னால் வந்தேன். அந்த இடத்தைக் கடந்தபோதுதான் பார்த்தேன். வலது பக்கம் கரை அரித்து, மேலே புல் மட்டும் நின்றிருந்தது. அதில் சக்கரம் ஏறியிருந்தால் மரச்சீனித் தோட்டத்தில் கிடந்திருப்பேன்.

தார்ச்சாலைக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். இறங்கிப் பின்னால் ஓடினேன். அவர் தலை நனையவில்லை. உடம்பு முழுக்க நனைந்திருந்தது. வலது உள்ளங்கை சிவந்து கிடந்தது. சருவத்தைப் பிடித்திருந்த பெண் அவரை ஏற இறங்கப் பார்த்து, "சார் பஸ்ஸுல கிளியா இருந்தாரோ?" என்று கேட்டாள். பஸ் படியில் தொங்கிக்கொண்டு வண்டியைத் தட்டும் ஆளைக் கிளி என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

"நம்ம சானல்ல கெடந்து கூப்பாடு போட்டாலும் கேக்காது இந்த மழையில. சார் தட்டுனது அக்கரை வர கேட்டிருக்கும்" என்றார் சைக்கிள்காரர்.

என் கணவர் சிரித்தார். சத்தம் இல்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியாமல் புல்லில் கிடந்த துணிகளை அள்ளப் போனேன். "விடுங்க யக்கா, எப்பிடியும் ரெண்டாமது அலசணும். சாருக்க ஒடம்பத் தொவட்டி, ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போற வழியப் பாருங்க" என்று அனுப்பிவிட்டாள்.

அங்கிருந்து மருத்துவமனை வரை திரையை நான் போடவில்லை. டேஷ்போர்டில் அவர் ஒரு தட்டு தட்டினால் இடது, இரண்டு தட்டினால் வலது. பேசி வைத்துக்கொள்ளவில்லை, முதல் திருப்பத்திலேயே அது அமைந்துவிட்டது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லாம் அப்படியே தாண்டினோம். ஒரு தடவை நான் தவறாகத் திரும்பப் போனபோது கொஞ்சம் பலமாகவே அடித்தார். பழைய நாளில் திட்டுவாரே, அதே மாதிரி இருந்தது. மருத்துவர் கிளம்பும் நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். நின்று பார்த்தார். இன்னொரு முறை வெட்ட வேண்டியதில்லை, ஆனால் குரல் முழுதாக வராது என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் நாகர்கோவில் கடைக்கு மறுபடி போனோம். செய்தித்தாள் சுற்றிய கம்பெனி செட் அவர் மடியில் இருந்தது. கடைக்காரர் நம்பாமல் கேட்டார். "எல்லாரும் பழசக் கழத்திட்டு புதுச மாட்டத்தான் வருவாவ. நீங்கதான் டீச்சர் மொத ஆளு. சாதனத்துல என்ன குத்தம்?"

குற்றம் எதுவும் இல்லை என்றேன். உண்மையும் அதுதான். அந்தத் திரை அதற்குத் தெரிந்ததைச் சொன்னது, நல்ல சாமான்தான். பாதி விலைக்கு அவரே எடுத்துக்கொண்டார். கப்ளர் என்று அவர் சொன்னதும் பொய்யில்லை, பழைய செட் ஒரு நொடியில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மகன்தான் போனில் கோபப்பட்டான். "அப்ப வழிக்கு என்ன செய்வீய?"

"ஒங்க அப்பா இருக்காவல்லா" என்றேன். பக்கத்தில் நின்ற அவர் மேசையை இரண்டு தட்டு தட்டினார். அது மகனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

இப்போது கைப்பேசியிலேயே வரைபடம் வந்துவிட்டது, தமிழிலும் பேசுகிறது. பள்ளி வேலையாக நான் மட்டும் வெளியூர் போகிற நாட்களில் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அவருக்கும் பாதிக் குரல் திரும்பிவிட்டது, வீட்டில் நன்றாகவே சண்டை போடுகிறோம். ஆனாலும் நாற்சந்தி வந்தால், பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போதுகூட என் கால் பிரேக்கின் மேல் கொஞ்சம் காத்து நிற்கிறது, டேஷ்போர்டில் அந்தத் தட்டு விழுந்த பிறகு திரும்பலாம் என்பது போல.